மூழ்கிய சம்பாவும் ஒன்பதாவது குரோமோசோமும்: டி.என்.ஏ. பாடம் தொடங்குகிறவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்தால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் சம்பா வயல்களில் வரப்பே தெரியாது. வடிகால் தூர்ந்துபோன பள்ளக்கால் என்றால் கேட்கவே வேண்டாம். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பிடித்தால் இலை கொழகொழவென்று கையோடு வரும். பக்கத்திலேயே சி.ஆர். 1009 சப்-1 என்ற வெள்ளம் தாங்கும் நெல் ரகம் நட்ட வயல் இருந்தால், அதுவும் முதலில் சேறு அப்பிக்கொண்டு பரிதாபமாகத்தான் கிடக்கும். ஆனால் சில நாளில் நடுவிலிருந்து புதுக் குருத்து பச்சையாக எட்டிப் பார்க்கும்.

சாதாரண சி.ஆர். 1009-ஐயும் இதையும் அருகருகே வைத்தால் பழுத்த விவசாயிக்கே பிரித்துச் சொல்வது சிரமம். இரண்டும் நீண்ட நாள் சம்பா ரகம், இரண்டும் குண்டு அரிசி. வித்தியாசம் இருப்பது ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு சின்ன இடத்தில். அந்த இடத்தைப் பின்தொடர்ந்து போனாலே டி.என்.ஏ. என்றால் என்ன, மரபணு எப்படி வேலை செய்கிறது, ஆய்வுக்கூடத்தில் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். பாடப்புத்தகம் பட்டாணியில் தொடங்கி ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் முடிக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு நெல்லே போதும் என்பது என் கட்சி.

நான்கே எழுத்து

நெல்லின் ஒவ்வொரு செல்லிலும் 12 ஜோடி, அதாவது 24 குரோமோசோம்கள். ஒவ்வொரு குரோமோசோமும் புரதங்களின்மேல் சுற்றி அடைக்கப்பட்ட ஒரே ஒரு நீளமான டி.என்.ஏ. மூலக்கூறு. இழை இரண்டு. ஒவ்வொரு இழையிலும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும், அதுதான் முதுகெலும்பு. ஒவ்வொரு சர்க்கரையிலிருந்தும் உள்பக்கமாக ஒரு காரம் நீட்டிக்கொண்டிருக்கும். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று காரங்கள் நான்கு வகை. அடினின் எதிரே தைமின்தான் வரும், குவானின் எதிரே சைட்டோசின்தான் வரும். முதல் ஜோடிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, இரண்டாவதற்கு மூன்று. ஆகவே குவானின், சைட்டோசின் அதிகமுள்ள துண்டைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். இதை மறக்காதீர்கள், டி.என்.ஏ.-வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பின்னால் வரும்போது தேவைப்படும்.

இந்த இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டார்கள். அதற்கு அடிப்படையாக நின்ற எக்ஸ்-கதிர்ப் படங்கள் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 1962-இல் அவர் உயிருடன் இல்லை. தேர்வில் இரண்டு பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் மூன்று பெயர் எழுதுவதுதான் நியாயம்.

நெல்லின் ஒரு தொகுதி குரோமோசோம்களில் ஏறத்தாழ 39 கோடி கார இணைகள் உள்ளன. பல நாடுகள் கூடி, இந்தியாவும் சேர்ந்து, 2005-இல் அதை முழுக்கப் படித்து முடித்தன. ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே 0.34 நானோமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு தொகுதிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர், இரண்டு தொகுதிக்கும் சேர்த்து கால் மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லின் உட்கருவுக்குள் கால் மீட்டர் இழை! தேர்வுக்கு இந்தக் கணக்கு வராது. ஆனாலும் ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்தால், குரோமோசோம் ஏன் அவ்வளவு இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஒரு பூவன் பழமும் கொஞ்சம் ஸ்பிரிட்டும்

டி.என்.ஏ.-வைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கனிந்த பூவன் பழம் ஒன்றை எடுத்து நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, அதில் பழக்கூழைச் சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை முன்கூட்டியே பிரிட்ஜில் குளிரவைத்து, டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக, சாற்றின்மேல் தனி அடுக்காக நிற்கும்படி ஊற்றுங்கள். அடுப்புப் பக்கம் இதைச் செய்ய வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும்.

இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் சில நிமிடங்களில் வெள்ளையாக, வழவழப்பாக, குமிழிகளோடு ஏதோ திரளும். பல்குத்தும் குச்சியால் சுற்றி எடுத்தால் நூல் நூலாக வரும். நேர்மையாகச் சொன்னால் அது சுத்தமான டி.என்.ஏ. இல்லை, அதன் உறவுக்கார மூலக்கூறான ஆர்.என்.ஏ., கொஞ்சம் புரதம், பழத்தின் பெக்டின் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் உள்ளே டி.என்.ஏ. இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதுதான் பாடம். செல் சவ்வும் உட்கருச் சவ்வும் கொழுப்பால் ஆனவை, சோப்பு அதைக் கரைத்து உடைக்கிறது. டி.என்.ஏ.-வின் பாஸ்பேட்டுகளில் எதிர்மின்சுமை உண்டு, அதனால் இழைகள் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்தச் சுமையை மட்டுப்படுத்துவதால் இழைகள் சேர்ந்து திரள முடிகிறது. டி.என்.ஏ. தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நன்றாகத் திரளும். பெரிய ஆய்வுக்கூடங்களில் நெல் இலையிலிருந்து எடுக்கும்போதும் தத்துவம் இதேதான். அங்கே இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைப்பார்கள், சோப்புக்குப் பதிலாக சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து 65 டிகிரியில் வைப்பார்கள், குளோரோபார்ம் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுப்பார்கள். கடைசியில் குளிர்ந்த ஐசோபுரொப்பனால் ஊற்றினால் அதே வெள்ளை நூல்.

பூவனைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது மும்மயம்: 11 குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 33. அதில் இரண்டு தொகுதி ஒரு காட்டு வாழை இனத்திலிருந்தும் ஒன்று இன்னொரு காட்டு இனத்திலிருந்தும் வந்தவை. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் இனச்செல் உருவாவது தடுமாறும், விதை உருவாகாது. நாம் கன்று வைத்தே வாழை பயிரிடுவதன் மரபியல் காரணம் இதுதான்.

எழுத்திலிருந்து புரதத்துக்கு

டி.என்.ஏ.-வில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மரபணு என்று பெயர். அதைப் படித்து செல் ஒரு புரதத்தை உண்டாக்கும் (சில மரபணுக்களிலிருந்து ஆர்.என்.ஏ. மட்டும் வரும், அதை இப்போதைக்கு விடுங்கள்). முதலில் அந்தப் பகுதி தூது ஆர்.என்.ஏ.-வாகப் படியெடுக்கப்படுகிறது. தைமினுக்குப் பதில் யூராசில். அப்புறம் ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக் குறியனுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகிறது. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64 வரும். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், 3 நிறுத்தச் சொல்லும். அமினோ அமிலங்களோ 20-தான். ஆகவே ஒரே அமினோ அமிலத்துக்குப் பல குறியன்கள் இருக்கலாம். இந்த அகராதியை வாசித்தறிந்ததற்காக ஹர் கோவிந்த் கொரானா, நிரன்பர்க், ஹோலி மூவருக்கும் 1968-இல் நோபல் கிடைத்தது.

ரைபோசோம் என்றதும் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. கொள்ளிடத்துக்கு வடகரையில் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமின் சிறிய துணையலகு அணு அணுவாக எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கண்டறிந்து, 2009-இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். குறியனும், அமினோ அமிலத்தைச் சுமந்துவந்து அதற்கு எதிரே நிற்கும் கடத்து ஆர்.என்.ஏ.-வும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ரைபோசோம் எப்படிச் சோதிக்கிறது என்பது அந்தப் படங்களிலிருந்து தெரியவந்தது. பாக்டீரியாவின் ரைபோசோமை அடைத்து வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக்குகள் எங்கே போய் உட்காருகின்றன என்பதும் அப்படித்தான் தெளிவானது.

இந்த மூன்றெழுத்துக் கணக்கு நம் கதைக்கு நேரடியாக வேண்டும். ஒன்பதாவது குரோமோசோமின் அந்தச் சின்ன இடத்தில், வெள்ளம் தாங்கவைக்கும் மரபணுவின் பெயர் சப்1ஏ. ஆனால் அது உள்ள நெல் ரகங்கள் எல்லாமே வெள்ளத்தைத் தாங்குவதில்லை. தாங்கும் ரகங்களின் வடிவத்தில் புரதத்தின் 186-ஆவது இடத்தில் செரின் இருக்கிறது, தாங்காதவற்றில் அங்கே புரோலின். புரோலினின் குறியன்கள் நான்கும் சி.சி. என்று தொடங்கும், டி.என்.ஏ.-வில் முதல் சைட்டோசின் தைமினாக மாறினால் அது செரின். ஓர் எழுத்து, அவ்வளவுதான். இப்படி ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். ஆனால் அந்த ஓர் எழுத்தே முழுக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். தாங்கும் அல்லீல் தண்ணீருக்கடியில் மிக அதிக அளவில் படியெடுக்கப்படுகிறது. அந்த அளவு வித்தியாசம்தான் பெரிய விஷயம்.

மதகும் லஸ்கரும்

இங்கேதான் தொடக்க மாணவர்கள் தடுக்கி விழுவார்கள். நெல்லின் வேர்ச் செல்லிலும் இலைச் செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றேதான் என்றால் வேர் ஏன் வேராகவும் இலை இலையாகவும் இருக்கிறது? மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டதாலேயே எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிவிடாது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தலைப்பில் மதகு உண்டு, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்கினால்தான் அந்தப் பாசனப் பகுதிக்குத் தண்ணீர். மரபணுவும் அப்படித்தான். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஊக்குவிப்பான் என்ற டி.என்.ஏ. பகுதி இருக்கிறது, அது மதகு. சில புரதங்கள் அங்கே வந்து ஒட்டினால் படியெடுத்தல் நடக்கும், அல்லது நிற்கும். படியெடுத்தல் காரணிகள் எனப்படும் அந்தப் புரதங்கள்தான் லஸ்கர்கள். ஒரு லஸ்கர் பல மதகுகளைப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

சப்1ஏ உண்டாக்கும் புரதம் இப்படியொரு லஸ்கர்தான். அது சர்க்கரையைத் தயாரிப்பதுமில்லை, ஆக்சிஜனைக் கொண்டுவருவதுமில்லை. மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். அது சேர்ந்த குடும்பத்துக்கு எத்திலீன் தூண்டல் காரணிகள் என்று பெயர். எத்திலீன் நமக்குத் தெரிந்ததுதான், வாழைத்தாரைப் பழுக்கவைக்கிற வாயு.

இப்போது மூழ்கிய வயலுக்கு வாருங்கள். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். பயிர் தன் உடம்புக்குள் இயல்பாகச் சுரக்கும் எத்திலீன் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. பயிருக்கு ‘மூழ்கிவிட்டோம்’ என்ற செய்தி அதுதான். சாதாரண நெல் உடனே ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் பாதையைத் திறந்துவிடும். இலையும் தண்டும் மேலே மேலே நீளும். தலை வெளியே வந்துவிட்டால் தப்பிக்கலாம். வராவிட்டால்? சேமித்த மாவுச்சத்து அத்தனையும் நீள்வதிலேயே தீர்ந்துவிடும். சேற்றுத் தண்ணீரில் வெயிலும் இறங்காது, புதிதாகச் சமைக்கவும் முடியாது. தண்ணீர் வடியும்போது கையிருப்பு இல்லாத, நீண்டு மெலிந்த பயிர் அப்படியே சரிந்துவிடும்.

சப்1ஏ உள்ள பயிர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எத்திலீன் தேங்கியதும் சப்1ஏ விழித்துக்கொள்கிறது. ஜிப்ரலினுக்குத் தடைபோடும் இரண்டு புரதங்களின் அளவு உயர்கிறது. நீள்வது நிற்கிறது, மாவுச்சத்து செலவாவது குறைகிறது, பச்சையம் சிதைவது தாமதமாகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் இப்படி முடங்கிக் கிடந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் கையிருப்பில் துளிர்க்கிறது. இதற்கு நேர் எதிரான உத்தியும் நெல்லில் உண்டு. ஆழநீர் நெல் ரகங்களில் ஸ்நார்கல் என்று பெயரிடப்பட்ட இரண்டு மரபணுக்கள், தண்ணீர் ஏற ஏறத் தண்டை மீட்டர் கணக்கில் நீளவைக்கும். ஆச்சரியம் என்னவென்றால் அவையும் அதே எத்திலீன் தூண்டல் காரணிக் குடும்பம்தான். ஒரே செய்தி, எதிரெதிரான இரண்டு பதில்.

ஜிப்ரலின் பேச்சு வந்ததால் இன்னொரு மரபணுவையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், கதிர் முற்றும்போது காற்றடித்தால் சாயும். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 குட்டையாக நிமிர்ந்து நின்றது. காரணம், முதல் குரோமோசோமில் உள்ள எஸ்.டி.1 மரபணுவில் 383 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அது ஜிப்ரலின் தயாரிக்கும் நொதிக்கான மரபணு. நொதி குறைந்தது, ஹார்மோன் குறைந்தது, செடி குட்டையானது. பசுமைப் புரட்சி நெல்லின் அடியில் கிடப்பது ஓர் உடைந்த மரபணு! இது ஒடுங்கு பண்பு. ஏனென்றால் இரண்டு பிரதியில் ஒன்று நன்றாக இருந்தாலும் தேவையான நொதி கிடைத்துவிடும், செடி உயரமாகிவிடும். ஓங்கு, ஒடுங்கு என்று மென்டல் பாடத்தில் மனப்பாடம் செய்ததன் மூலக்கூறுக் காரணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஒடிசாவிலிருந்து வந்த துண்டு

வெள்ளம் தாங்கும் எஃப்.ஆர். 13ஏ, ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பழைய ரகம். தாங்கும், ஆனால் விளைச்சல் போதாது. அதன் தாங்கும் தன்மையின் பெரும்பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று 1996-இல் கெனாங் சூவும் டேவிட் மெக்கில்லும் காட்டினார்கள். அந்த இடத்துக்கு சப்1 என்று பெயர். பமேலா ரொனால்டும் சேர்ந்த குழு 2006-இல் உள்ளே இருக்கும் மரபணுக்களைப் பிரித்தறிந்தது. ஏ, பி, சி என்று மூன்று இருந்தன. வேலை செய்வது ஏ. அதை மட்டும் வெள்ளம் தாங்காத ஒரு நெல்லில் செலுத்திப் பார்த்தபோது அந்த நெல்லும் தாங்கியது. மரபணுவின் வேலையை நிரூபிக்க இதைவிட நேரான வழி கிடையாது.

சரி, இதை சி.ஆர். 1009-க்குள் எப்படிக் கொண்டுவருவது? முதல் கலப்பில் கிடைக்கும் செடியில் பாதி சி.ஆர். 1009, பாதி கொடையாளி, அதாவது சப்1-ஐக் கொடுக்கும் ரகம். அதைத் திரும்பத் திரும்ப சி.ஆர். 1009-உடனேயே கலக்க வேண்டும். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். சராசரியாக முதல் பின்கலப்பில் 75 விழுக்காடு, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடு சி.ஆர். 1009 திரும்பிவிடும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிச் செடிகளில் சப்1 இருக்காது. எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் தொட்டியில் இரண்டு வாரம் மூழ்கடித்துப் பார்க்கலாம். நாள் போகும், பிழைத்தவையும் நைந்துபோயிருக்கும். அதைவிட, நாற்றாக இருக்கும்போதே ஒரு துணுக்கு இலையைக் கிள்ளி டி.என்.ஏ.-வைக் கேட்டுவிடலாம்.

அப்படிக் கேட்கும் வழிதான் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே சங்கதி. காரி முல்லிஸ் 1983-இல் யோசித்தது, 1993-இல் நோபல் வாங்கியது. 39 கோடி எழுத்துகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய சில நூறு எழுத்துகளை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குவதே இதன் வேலை. அந்தத் துண்டின் இரு முனைகளுக்கும் பொருந்துமாறு சுமார் 20 எழுத்து நீளத்தில் பிரைமர்கள் என்ற இரண்டு டி.என்.ஏ. துணுக்குகளைச் செய்துகொள்ள வேண்டும். குழாயில் டி.என்.ஏ., பிரைமர்கள், இழை கட்டுவதற்கான எழுத்துகளாகிய நான்கு நியூக்ளியோடைடுகள், அவற்றைக் கோக்கும் பாலிமரேஸ் நொதி. இயந்திரம் முதலில் சுமார் 94 டிகிரிக்குச் சூடாக்கும், இரட்டை இழை பிரியும். சுமார் 55 டிகிரிக்கு இறக்கும், பிரைமர்கள் தங்கள் இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் பாலிமரேஸ் பிரைமரிலிருந்து இழையை நீட்டும். ஒட்டும் வெப்பநிலை பிரைமருக்குப் பிரைமர் மாறும். குவானின், சைட்டோசின் கூடினால் ஏறும், முன்பு சொன்ன மூன்று பிணைப்பு ஞாபகமிருக்கிறதா?

ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. பத்துச் சுற்றில் 1024, முப்பது சுற்றில் கணக்குப்படி 107 கோடி. ஒவ்வொரு சுற்றிலும் 94 டிகிரி என்றால் சாதாரண நொதி வெந்துபோய்விடும். அதனால் சூடான ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். டாக் பாலிமரேஸ் என்பது அதன் பெயர்ச் சுருக்கம்தான்.

பெருக்கிய துண்டைப் பார்ப்பது ஜெல்லில். அகரோஸ் ஜெல்லின் ஒரு முனையில் வரிசையாகக் குழிகள், அவற்றில் மாதிரிகளை விட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். டி.என்.ஏ.-வுக்கு எதிர்மின்சுமை, ஆகவே நேர்முனையை நோக்கி ஓடும். சின்னத் துண்டு ஜெல்லின் சல்லடைக்குள் புகுந்து வேகமாகப் போகும், பெரியது பின்தங்கும். குழிகளை நேர்முனைப் பக்கம் வைத்துவிட்டு மாதிரி முழுவதையும் தொட்டித் தண்ணீரில் ஓடவிடுவது, பயிற்சிக் கூடங்களில் வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் செய்கிற காரியம். சாயமேற்றி, புற ஊதா ஒளியில் வைத்தால் துண்டுகள் பட்டைகளாக ஒளிரும்.

இப்போது ஒரு ஜெல்லைப் படித்துப் பார்ப்போம். முதல் குழியில் நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை, அது அளவுகோல். இரண்டாவதில் சி.ஆர். 1009, அதன் பட்டை கொஞ்சம் மேலே. மூன்றாவதில் கொடையாளி, பட்டை கொஞ்சம் கீழே. இந்த உயர வித்தியாசம் பெரும்பாலும் மைக்ரோசாட்டிலைட் எனப்படும் பகுதிகளால் வருவது: சி.டி.சி.டி.சி.டி. என்று இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். எத்தனை முறை திரும்புகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். நான்காவது குழியிலிருந்து பின்கலப்புச் செடிகள். மேல் பட்டை மட்டும் தெரிந்தால் அதில் சப்1 இல்லை, பிடுங்கி எறியலாம். மேலும் கீழும் இரண்டு பட்டை தெரிந்தால் அது கலப்புநிலை. நமக்கு வேண்டியது அதுதான், அடுத்த கலப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, கீழ்ப் பட்டை மட்டும் தெரியும் செடியைத் தேர்ந்தால் அதில் இரண்டு பிரதியும் சப்1. அளவுகோலைத் தவிர எந்தக் குழியிலும் பட்டையே இல்லையென்றால் செடியைக் குறை சொல்லாதீர்கள், பி.சி.ஆர். ஓடவில்லை. அளவுகோல் மட்டும் தெரிந்தால் ஜெல் சரி, தவறு குழாயில்.

இதோடு வேலை முடியாது. சப்1-க்கு இருபுறமும் உள்ள கொடையாளியின் மரபணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும். விளைச்சலைக் கெடுக்கும் ஏதாவது அதில் இருக்கலாம். இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளுமே, அந்தக் குறுக்கேற்றம் சப்1-க்கு மிக அருகில் நடந்த செடியைத் தேட வேண்டும். பிற 11 குரோமோசோம்களிலும் மார்க்கர் (இரண்டு ரகத்தையும் பிரித்துக் காட்டும் மைக்ரோசாட்டிலைட் போன்ற அடையாள இடம்) வைத்து, சராசரியைவிட அதிகமாக சி.ஆர். 1009-க்குத் திரும்பிவிட்ட செடியையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். இந்த முறையில் உருவாகி 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது ஸ்வர்ணா சப்-1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். 1009 சப்-1 அதே வழியில் வந்தது.

மரபணு மாற்றுப் பயிரா இது?

விதை வாங்கப் போகிற இடத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இல்லை. இரண்டு நெல் செடிகளை மகரந்தம் தூவிக் கலந்ததில் பிறந்தது, ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ.-வைப் படித்தார்களே தவிர எழுதவில்லை. மரபணு மாற்றுப் பயிர் என்றால் வெளியிலிருந்து மரபணுவை நேரடியாகச் செலுத்தியது. 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில் இருப்பது மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் மரபணு. பருத்தியையும் பாக்டீரியாவையும் எந்த விவசாயியாலும் கலக்க முடியாது. ஆகவே அந்த மரபணுவை வெட்டியெடுத்து, ஒட்டி, செடிக்குள் அனுப்ப வேண்டும். வெட்டக் கட்டுப்பாட்டு நொதிகள் (ஈகோ ஆர்1 என்பது ஜி.ஏ.ஏ.டி.டி.சி. என்ற ஆறெழுத்தைக் கண்டால் மட்டும் வெட்டும்), ஒட்ட லைகேஸ், சுமந்துபோகப் பிளாஸ்மிட் என்ற வட்டமான சிறு டி.என்.ஏ., செடிக்குள் நுழைய அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்தின் சாரம் இந்த நான்கு கருவிகள். சர்க்கரை நோயாளிகளின் மனித இன்சுலினும் இதே வழியில் பாக்டீரியாவில் தயாராகி 1982-இல் விற்பனைக்கு வந்ததுதான்.

மூன்றாவது வழி, செடியின் சொந்த டி.என்.ஏ.-விலேயே குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்துவது. கிரிஸ்பர். ஷார்பென்டியேவும் டவுட்னாவும் 2012-இல் காட்டியது, 2020-இல் நோபல் பெற்றது. 2025 மே மாதம் இந்தியா அறிவித்த டி.ஆர்.ஆர். தான் 100, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 இரண்டும் இப்படித் திருத்திய நெல். இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘மரபணு மாற்றம்’ என்று பேசுகிறவர்கள் ஆதரிப்பவர்களிலும் உண்டு, எதிர்ப்பவர்களிலும் உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

சப்1-இன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது வளரும் பருவத்தில் முழுக்க மூழ்கும் பயிருக்கான காப்பு. தை மாதத்தில் அறுப்புக்கு நிற்கும் கதிர் மழையில் சாய்ந்து முளைத்தால் அதைக் காப்பாற்றாது. பாதி உயரத்துக்குத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும் அது மருந்தல்ல. வேதாரண்யம் பக்கத்து உப்புக்கு வேறு மரபணுக்கள் வேண்டும். கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து கண்டறிந்த சால்டால் என்ற பகுதி முதல் குரோமோசோமில் இருக்கிறது, ஆனால் உப்பைத் தாங்குவது அது ஒன்றால் மட்டும் முடிகிற காரியமில்லை. விளைச்சல் என்றால் இன்னும் சிக்கல், ஏராளமான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்களிக்கும். ஒரே மரபணுவில் இவ்வளவு பெரிய பலன் என்பது விதிவிலக்கு.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர்கள் இணையத்தில் இலவசமாகத் திறந்துகிடக்கும் நெல் மரபணுத்தொகுதித் தரவுத்தளங்களில் தேடிப் பார்க்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை: எல்லாரும் மேற்கோளாகக் கொள்ளும் 2005-ஆம் ஆண்டுத் தொகுதி நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்துடையது. அதன் ஒன்பதாவது குரோமோசோமில் சப்1பி, சப்1சி இரண்டும் இருக்கும், சப்1ஏ கிடைக்காது. நீங்கள் தப்பாகத் தேடவில்லை, அந்த ரகத்தில் அந்த மரபணுவே இல்லை. நம் பக்கத்து நெல் சேர்ந்த இண்டிகா வகை ரகங்களின் தொகுதிக்கு மாறித் தேடுங்கள்.